உறங்கும் குதிரையின் எடை

பிப்ரவரி 3

பொடிசு,

இப்படி உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று யோசித்தே இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். நாற்பதைத் தாண்டிவிட்டாய், உன் கையெழுத்து விழாமல் எந்தத் தொழிற்சாலையிலும் கிரேன் ஓடாது என்றெல்லாம் கேள்விப்படுகிறேன். இருந்தும் பேனாவில் வேறு பெயர் வரவில்லை.

தொலைபேசியில் கேட்டிருக்கலாம். பெண் குரல்தான் என்றாலும் அதில் உன் அண்ணனுடைய சாயல் இருக்கிறது. நீ 'ஹலோ' என்று முடிப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். அதனால்தான் கடிதம்.

எங்கள் விலங்கு மருத்துவமனையின் அறுவைக்கூடத்தை நீ பார்த்ததில்லை. ஒரு பக்கம் மெத்தை அடித்த அறை. அங்கேதான் குதிரைக்கு மயக்க மருந்து கொடுப்போம். இன்னொரு பக்கம் மேசை. நடுவில், கூரைக்குக் கீழே, ஒற்றை இரும்பு உத்தரம். அதன் அடிப்பட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரு டிராலி ஓடும். குதிரையின் நான்கு கால்களிலும் வார் கட்டி, டிராலியின் கொக்கியில் மாட்டித் தூக்குவோம். கழுத்து தொங்கும், பிடரி தரையை நோக்கி விழும், நான் தலையைக் கைகளில் தாங்கியபடி கூடவே நடப்பேன். அவ்வளவு பெரிய உயிர், ஒரு சத்தமும் இல்லாமல், காற்றில் மிதந்து போகும். எத்தனை தடவை பார்த்தாலும் அது நிஜமாக நடப்பதாக எனக்குத் தோன்றுவதில்லை.

கொஞ்ச நாளாக டிராலி மேசைக்கு மேலே வந்ததும் தயங்குகிறது. சங்கிலி இழுக்கும் நெட்டையன், "டாக்டரம்மா, முன்ன மாதிரி ஓடலை. கடைசியில வந்து மூச்சு வாங்குது" என்கிறான். ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். சக்கரம் ஓடும் பட்டையின் இரு ஓரமும் லேசாகக் கீழே தொங்குவதுபோல் தெரிகிறது. என் கண் ஏமாற்றுகிறதா, நிஜமா என்று புரியவில்லை.

உன்னைத் தவிர எனக்கு இதைக் கேட்க ஆள் இல்லை என்று எழுதினால் பொய். ஆள் இருக்கிறார்கள். உன்னைக் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

அண்ணி


பிப்ரவரி 9

அண்ணிக்கு,

'மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு' என்று தொடங்கித்தான் முதலில் எழுதினேன். எதிர் மேசைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்கு, மந்திரிக்கா?" என்று கேட்டார். மாற்றிவிட்டேன்.

வேலையை மட்டும் பேசுவோம்.

உத்தரம் இரண்டு விதமாக வளையும். ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. வாய்க்காலின் மேல் போட்ட பலகை நடுவில் தொய்வது மாதிரி, முழு உத்தரமும் வளைவது. கிரேன் மாட்டித் தருகிறவர்கள் பெரும்பாலும் இதைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது, சக்கரத்துக்கு நேர் கீழே மட்டும் நடப்பது. உங்கள் உத்தரத்தின் நடுவில் செங்குத்தாக ஒரு சுவர். அதன் அடியில் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் பட்டையை நாங்கள் பிளாஞ்ச் என்போம். சுவரில் பதித்த அலமாரித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம்தான் பிடிப்பு, மறுபக்கம் வெறும் காற்று. டிராலியின் சக்கரங்கள் அந்தத் தட்டின் மேல்தான் நிற்கின்றன. குதிரையின் எடை முழுவதும் அந்தச் சில புள்ளிகளின் வழியாகத்தான் மேலே போகிறது. ஒவ்வொரு புள்ளியிலும் தட்டு தனியாக வளைகிறது. அந்த வளைவால் இரும்புக்குள் எழும் அழுத்தம் தனி; முழு உத்தரத்தின் வளைவோடு அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எனக்கு வேண்டியவை: சக்கரம் பதிந்த தடத்தில் பட்டையின் தடிமன், துருவைச் சுரண்டிவிட்டு, நான்கைந்து இடங்களில். பட்டையின் அகலம். டிராலிக்கு எத்தனை சக்கரம், ஓரத்திலிருந்து எவ்வளவு உள்ளே ஓடுகின்றன. உத்தரம் மேசைக்கு மேலேயே முடிகிறதா, அதைத் தாண்டியும் போகிறதா.

நீங்களே ஏணியில் ஏற வேண்டாம். யாரையாவது ஏற்றுங்கள்.

பொடிசு


பிப்ரவரி 15

பொடிசு,

நான்தான் ஏறினேன். நெட்டையனுக்கு உயரம் என்றால் பயமாம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான்.

லேத் பட்டறையில் தடிமன் அளக்கும் காலிப்பர் இரவல் வாங்கினேன். அளவுகள் தனித்தாளில். மெத்தை அறைப் பக்கம் பட்டை பன்னிரண்டு மில்லிமீட்டர். வரவரக் குறைகிறது. மேசைக்கு மேலே எட்டுதான். ஏன் என்று ஏணியில் நின்றபடியே புரிந்துவிட்டது. ஒவ்வொரு அறுவை முடிந்ததும் மேசைப் பக்கம் முழுவதையும் கிருமிநாசினி ஊற்றிப் பீய்ச்சிக் கழுவுகிறோம். பட்டையின் மேல்பக்கம் தண்ணீர் தேங்க வாகான இடம். இத்தனை வருடமாகச் சுத்தம் என்று நினைத்துக்கொண்டு இரும்பைக் கரைத்திருக்கிறேன்.

உத்தரம் மேசைக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஒரு சாண்கூடத் தாண்டவில்லை.

சக்கரம் நான்கு. முன்பு எட்டு இருந்தது. பழைய டிராலி கிறீச்சிடும். பாதி மயக்கத்தில் இருக்கும் குதிரை அந்தச் சத்தத்துக்கு உதறும். வானொலி ரிப்பேர் செய்கிறவருக்குக் காது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். உன் அண்ணனுக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. எங்கிருந்தோ இந்தப் புது டிராலியைத் தேடிக் கொண்டுவந்து அவரே மாட்டினார். பஞ்சு மாதிரி ஓடும். "இப்பத்தான் குதிரை தூங்குற மாதிரி இருக்கு" என்றார்.

நீ எழுதிய அந்த 'அழுத்தம்' எனக்குச் சிரிப்பாக இருந்தது. எங்கள் பக்கம் அதே சொல்லைச் சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுப்பார்கள். ஏணியின் உச்சியில் நின்று அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தேன். குளிர்ச்சியாக, மெல்லிய உதடுபோல இருந்தது. எல்லா எடையும் இதன் வழியாகத்தான் போயிற்று என்று நம்ப முடியவில்லை.

இது பனி முடிந்து வெயில் தொடங்கும் சமயம். புல் மாறும்போது குதிரைகளுக்குக் குடல் முறுக்கிக்கொள்ளும். சீக்கிரம் சொல்.

அண்ணி


பிப்ரவரி 20

அண்ணி,

கடிதம் கிடைத்ததும் இந்தக் கிரேனை நிறுத்திவிடுங்கள். கொக்கியில் பூட்டுப் போட்டுச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். எட்டுச் சக்கரம் நான்கானபோது ஒவ்வொரு சக்கரத்தின் பாரமும் இரண்டு மடங்காயிற்று. அடுத்து, பட்டை மெலிந்தால் அதே விகிதத்தில் அழுத்தம் ஏறாது. தடிமன் பாதியானால் அழுத்தம் நான்கு மடங்கு. பன்னிரண்டு எட்டானதில் மட்டும் இரண்டே கால் மடங்கு. இரண்டையும் பெருக்கினால் நாலரை. முதலில் கட்டியவர் தாராளமாக இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார். அந்தத் தாராளம் முழுவதையும் தீர்த்துவிட்டோம்.

இத்தோடு நிற்கவில்லை. நடுவில் ஒரு சக்கரம் நின்றால் அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் பட்டை கைகொடுக்கும். கடைசி முனையில் நின்றால் ஒரு பக்கம்தான் பட்டை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. அங்கே அழுத்தம் இன்னும் எகிறும். உங்கள் மேசை சரியாக அங்கேதான் இருக்கிறது. குதிரை அதிக நேரம் தொங்குவதும் அங்கேதான். மயக்கம் குறைந்து அது ஒரு தடவை உதறினால் என்ன ஆகும் என்பதை நான் எழுத விரும்பவில்லை. நீங்கள் அதன் தலைக்குக் கீழே நிற்பீர்கள்.

அண்ணன் மாட்டியதைப் பற்றி: யாராக இருந்தாலும் மாட்டியிருப்பார்கள். நன்றாக ஓடும் சக்கரத்தைப் பார்த்து யாரும் பட்டையைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

புது உத்தரத்துக்கான வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை, 'ஒரே ஒரு தடவை' என்று யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். அந்த வார்த்தையை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டேன். அண்ணனுக்கு ஒரே ஒரு அறுவை, அப்புறம் இருபது வருடம் கவலையில்லை என்றீர்கள்.

பொடிசு


மார்ச் 4

உனக்கு,

பூட்டுப் போட்டேன். சாவி என் கோட்டுப் பையில்தான் இருந்தது.

நேற்று மதியம் குதிரைச் சவாரிப் பள்ளியின் பயிற்சியாளர் வந்தாள். லாரியில் அவளுடைய செவலைப் பெட்டை. குடல் முறுக்கு. வயிறு பறைபோல இறுகியிருந்தது, கண் வெளுத்திருந்தது. உடனே திறந்தால் பிழைக்கும். தரையில் போட்டுத் திறக்க வழியில்லை. மயங்கிய குதிரையை ஆட்கள் தூக்கி அவ்வளவு உயர மேசையில் ஏற்றவும் முடியாது.

அவள் கூடத்துக்குள் வந்து மேலே பார்த்தாள். "டாக்டர், தலைக்கு மேல கிரேன் இருக்கு. அப்புறம் ஏன் என்னைப் போகச் சொல்றீங்க?" என்றாள்.

"அது தாங்கும்னு என்னால சொல்ல முடியலைம்மா."

"விழும்னு சொல்ல முடியுமா?"

"முடியாது."

"அப்ப?"

பையில் கைவிட்டுச் சாவியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். நெட்டையன் என் முகத்தையே பார்த்தான். நான் தலையசைத்திருந்தால் இழுத்திருப்பான். வலிக்கு ஊசி போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள மருத்துவமனைக்கு அனுப்பினேன். பாலத்தைக் கடக்கும்போது செவலை போய்விட்டது. தலையை மடியில் வைத்துக்கொண்டே அவள் திரும்பி வந்தாள்.

உன்னுடைய நாலரை மடங்கு சரியாகத்தான் இருக்கும். நான் சரிபார்க்கவில்லை. எனக்கு இன்று யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.


மார்ச் 7

அண்ணி,

படித்தேன். வரைபடம் இத்துடன்.

பொடிசு


மார்ச் 13

அண்ணி,

நீங்கள் பதில் போட மாட்டீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

கணக்கை மறுபடி போட்டேன். எங்காவது தப்புச் செய்திருக்க மாட்டேனா என்று தேடினேன். சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே ஓடியிருந்தால், குதிரை கொஞ்சம் இலேசாக இருந்திருந்தால் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தேன். எதிர் மேசைக்காரர் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தவர், "கணக்கு தப்பா வரணும்னு ஆசைப்பட்டு கணக்குப் போடுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். தப்பு வரவில்லை. அதே விடைதான்.

பிறகு அலுவலக ஜன்னலோரம் உட்கார்ந்து அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன் போலிருக்கிறது. எதிரே பேருந்துப் பணிமனை. அதன் கூரை நீளத்துக்கும் ஒரு உத்தரம். அதில் வரிசையாகக் குதிரைகள் மிதந்து போகின்றன. செவலை, கறுப்பு, சாம்பல். எல்லாமே தூக்கத்தில் இருக்கின்றன. பேருந்துகள் கீழே வந்து போகின்றன, ஓட்டுநர்கள் யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. நான் மட்டும் ஒவ்வொரு சக்கரத்தையும் பார்க்கிறேன். பட்டை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொஞ்சம் தாழ்ந்து, கடந்ததும் நிமிர்கிறது, மூச்சு விடுவதுபோல. எதுவும் விழவில்லை. ஆனாலும் நான் கையை நீட்டிக்கொண்டே இருக்கிறேன். விழித்தபோது தோள் வலித்தது.

இருபது வருடமாகப் பட்டைகளைக் கணக்குப் போடுகிறேன். வேண்டாம் என்று நான் எழுதினால் ஒரு தொழிற்சாலை நாலு நாள் நிற்கும், மேலாளர் முணுமுணுப்பார், அவ்வளவுதான். என் 'வேண்டாம்' என்ற சொல்லால் ஓர் உயிர் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தப் பயிற்சியாளர் எப்படி இருக்கிறாள்?

பொடிசு


ஏப்ரல் 2

பொடிசு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. எழுத உட்கார்ந்தால் செவலையின் கண் வருகிறது.

அவள் நேற்று வந்திருந்தாள். லாயம் காலியாக இருக்கிறது, அங்கே போகப் பிடிக்கவில்லை என்று எங்கள் வாசல் படியில் வந்து உட்கார்ந்தாள். நான் காபி கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டு, "நீங்க தூக்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். "ஆமாம்மா" என்றேன். கிளம்பும்போது டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

பழைய உத்தரத்தைப் போன வாரம் இறக்கினார்கள். நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் முனையைச் சுரண்டி, சாயம் தடவி, வெளிச்சம் வைத்துப் பார்க்கச் சொன்னேன். விரிசல் எதுவும் இல்லை. பட்டை தொங்கியிருப்பது நிஜம். ஆனால் ஒரு மயிரிழை விரிசல்கூட இல்லை. நெட்டையன் அதை உதைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்துக் குதிரை தூக்கியிருக்கும்" என்றான். பிறகு என்னைப் பார்த்ததும், "தூக்காமலும் போயிருக்கும்" என்று சேர்த்துக்கொண்டான். பிழைக்கத் தெரிந்தவன்.

விரிசல் இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் தெரியுமா. இருந்திருந்தால் அவளைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன். உனக்கும் எழுதியிருப்பேன்.

அண்ணி


ஏப்ரல் 8

அண்ணி,

உத்தரம் விழும் என்று கணக்கு ஒருபோதும் சொல்லவில்லை. விழாது என்று என்னால் சொல்ல முடியாத இடத்துக்கு வந்துவிட்டது என்றுதான் சொன்னது. அதற்கு மேல் அதற்குத் தெரியாது. கையில் இருந்ததை எல்லாம் வைத்து ஒரு முடிவு சொன்னேன். வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

இந்தப் பத்தியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை முன்பே கேட்டிருக்கிறேன். அறுவைக்குப் பிறகு அண்ணன் மயக்கத்திலிருந்து விழிக்காமலே போய்விட்ட அன்று, ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்று நீங்கள் சொன்ன வார்த்தைகள் இவை. "இதயத்துல ஓட்டை அப்படியே விட்டா எந்த நேரமும் போயிருப்பார். அறுவை செஞ்சா பிழைக்க நிறைய வாய்ப்பு. அதனாலதான் சரின்னு சொன்னேன். அதுக்கு மேல எனக்குத் தெரியாது பொடிசு." அதைக் கேட்டு நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். திருப்பி எழுதவில்லை. அன்று எனக்கு அது டாக்டர் பேச்சாகத்தான் கேட்டது. கைகழுவுகிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அதே வாக்கியம் என் கையெழுத்தில் என் முன்னால் கிடக்கிறது. எவ்வளவு பாரமான வாக்கியம் என்று இப்போதுதான் தெரிகிறது.

புது உத்தரத்தை ஏற்றியதும் பாரச் சோதனை செய்ய வேண்டும். ஆளை அனுப்பலாம். நானே வருகிறேன். இடமிருந்தால் இரண்டு நாள் தங்குகிறேன்.

பொடிசு


ஏப்ரல் 12

பொடிசு,

இடமிருக்கிறதா என்று கேட்கிறாய். வந்து சேர், அப்புறம் உன்னைத் திட்டுகிறேன்.

நீ தாழ்வாரத்தில் கேட்ட கேள்வி தப்பே இல்லை. 'உங்களுக்கு எப்படி மனசு வந்தது' என்றுதானே கேட்டாய். உனக்கு முன்பே நான் அதை என்னிடம் கேட்டிருந்தேன். உன் வாயிலிருந்து வந்தபோது இரண்டு பேர் சேர்ந்து கேட்பதுபோல ஆகிவிட்டது. அதுதான் தாங்கவில்லை. உன்னைப் பார்க்காமல் இருந்தால் ஒரு ஆளின் கேள்வியையாவது தவிர்க்கலாம் என்று நினைத்தேன்.

அண்ணி


மே 19

பொடிசு,

நீ போன பிறகு நெட்டையன் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். கொக்கியில் தண்ணீர்ப் பையைத் தொங்கவிட்டு, குழாயைத் திறந்து, அது கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரை கனத்துக்கும் மேலே உப்பியபோது நீ சக்கரத்தின் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லையாம். "நம்ம டாக்டரம்மா குதிரையைப் பார்க்கிற மாதிரி, அந்தம்மா இரும்பைப் பார்க்குது" என்கிறான். வெயில் பட்டுத் தண்ணீர்ப் பையின் ஒளி கூரையெல்லாம் அசைந்தது எனக்கும் கண்ணிலேயே நிற்கிறது. நாம் ஏதோ குளத்தின் அடியில் நிற்பதுபோல இருந்தது.

இனி மேசைப் பக்கம் கழுவியதும் பட்டையை உலர்த்துவது நெட்டையன் வேலை. நீண்ட கம்பில் துணி கட்டி வைத்திருக்கிறான். ஏணி வேண்டாமாம்.

இன்று காலை முதல் குதிரை வந்தது. சாம்பல் நிறம், இளம் ஆண். அதே குடல் முறுக்கு. உத்தரம் மேசையைத் தாண்டி நன்றாக நீண்டிருப்பதால் டிராலி முனைக்கு வெகு முன்பே நின்றுவிட்டது. தயங்கவில்லை. நான் தலையைத் தாங்கி நடந்தேன். ஒருமுறைகூட மேலே பார்க்கவில்லை. குடல் கறுக்கவில்லை, பிரித்து, நேராக்கி, தைத்து முடித்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அறுவை முடிந்ததும் குதிரையை இருட்டான மெத்தை அறையில் விட்டு, அது தானாக விழித்து எழும்வரை ஒருவர் கூட இருக்க வேண்டும். உன் அண்ணன் போனதிலிருந்து நான் அந்த அறைக்குள் போனதில்லை. தையல் முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே வந்துவிடுவேன். உதவி டாக்டர்தான் உள்ளே இருப்பார். ஏன் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

இன்று அவரை வெளியே அனுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். மூலையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு மட்டும் கேட்டது. ஒரு கட்டத்தில் அது எனக்குக் கேட்கவில்லை என்று தோன்றி, ஊர்ந்துபோய் மூக்கின் முன்னால் உள்ளங்கையை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் காது அசைந்தது. பிறகு கண். அது என்னைப் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் நீட்டியது. எழ முயன்று பக்கவாட்டில் சரிந்தது. மறுபடி முயன்றது. சுவரில் சாய்ந்து, கால்கள் நடுங்க, தன் எடை முழுவதையும் தானே தூக்கிக்கொண்டு நின்றது.

நான் அதன் கழுத்தில் கைவைத்து, "எழுந்துட்டியா?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்பதற்காகத்தான் அன்று நான் ஆஸ்பத்திரியில் காத்துக்கொண்டிருந்தேன், பொடிசு.

அண்ணி